உணர்வில்லாத கை என்ன செய்யும்?

கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றுக்குச் சிகிச்சை செய்துகொண்டபோது மரத்துப்போக ஊசி போட்டார்கள். வேலை முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார் மருத்துவர். வாயில் ஊற்றிக்கொண்டேன். பாதித் தண்ணீர் உதட்டோரமாக வழிந்து சட்டையை நனைத்தது. உதட்டை இறுக்கி மூடியிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தால், ஊசி போட்ட பக்கம் உதடு லேசாகத் திறந்து கிடந்தது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மூடினேன். மூடிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உதட்டை மூடும் தசைகளை இயக்கும் நரம்பு வேறு. கீழுதட்டின் தொடு உணர்வை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பு வேறு. ஊசி உறங்க வைத்தது இரண்டாவதை மட்டும்தான். தசையின் பலம் குறையவில்லை, மூளையிலிருந்து போகும் கட்டளைக்கும் தடையில்லை. உதடு எங்கே இருக்கிறது, எதைத் தொடுகிறது என்ற சேதி மட்டும் வரவில்லை. அது வராததாலேயே வேலை கெட்டது.

மூளை கட்டளையிடுகிறது, தசை கீழ்ப்படிகிறது என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருக்கும் படம். உணர்ச்சி நரம்புகள் ஏதோ தனி இலாகா போலவும், சூடு, வலி, தொடுகை ஆகியவற்றைத் தெரிவிப்பதோடு அவற்றின் கடமை தீர்ந்துவிடுவது போலவும் பள்ளியில் படித்தோம். இந்தப் பிரிவினை பாடம் நடத்த வசதியானது. ஆனால் நாமாக நினைத்துச் செய்யும் எந்த அசைவுக்கும் இது பொருந்துவதில்லை. நெடுங்காலம் மருத்துவத்தையும் இது தவறான பக்கம் பார்க்க வைத்தது என்பது என் எண்ணம்.

இந்தப் படத்தை மாற்றி வரைந்தவர் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். 1826-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில், தசைக்கும் மூளைக்கும் இடையே இருப்பது ஒரு வட்டம் என்றார். ஒரு நரம்பு மூளையின் விருப்பத்தைத் தசைக்குக் கொண்டுபோகிறது. தசையின் நிலையை இன்னொன்று மூளைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. அவர் விவரித்த ஒரு தாயின் கதை இன்றும் மனத்தைத் தொடுகிறது. அந்தப் பெண்ணுக்கு உடலின் ஒரு பக்கம் தசைவலு போயிற்று, மறுபக்கம் உணர்வு போயிற்று. வலுவிருந்தும் உணர்வற்ற கையில்தான் கைக்குழந்தையை ஏந்த வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கை உறுதியாகப் பிடித்திருக்கும். பார்வை வேறு பக்கம் திரும்பினால் பிடி தானாகத் தளரும், குழந்தை நழுவும். கண்தான் அந்தக் கையின் உணர்வு நரம்பாக வேலை பார்த்திருக்கிறது.

அடுத்த பெரிய அடி 1895-இல் விழுந்தது. மாட், ஷெரிங்டன் என்ற இரு பிரிட்டிஷ் உடலியலாளர்கள், குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்ச்சி நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார்கள். இயக்க நரம்புகளைத் தொடவில்லை. கை வாதம் வந்ததுபோல் தொங்கிவிட்டது. உணர்வு இல்லையேல் விருப்ப இயக்கமே இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தசை, மூட்டு ஆகியவற்றின் நிலையை உள்ளிருந்தே அறியும் புலனுக்கு ‘புரோப்ரியோசெப்ஷன்’ என்று பின்னாளில் பெயரிட்டவரும் இதே ஷெரிங்டன்தான். இந்தக் கட்டுரையில் அதை உறுப்புநிலை உணர்வு என்று சொல்கிறேன்.

முடிவு தெளிவாகத் தோன்றினாலும் தவறாக இருந்தது. 1917-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தண்டுவடத்தில் குண்டடி பட்டுக் காலில் உணர்வை இழந்த ஒருவரைச் சோதித்தார். அவருடைய முழங்காலை வேறொருவர் மடக்கி நீட்டினால் அது எந்தப் பக்கம் போகிறது என்றே அவருக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு தூரம் நீட்டுங்கள் என்று சொன்னால், கண்ணை மூடிக்கொண்டே ஏறத்தாழச் சரியாக நீட்டினார். ஆக, சேதி வராமலும் கட்டளை ஓரளவு துல்லியமாகப் போகும்.

1960-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப் முதலானோர் குரங்குச் சோதனையை மாற்றிச் செய்து பார்த்தார்கள். நல்ல கையைக் கட்டிப் போட்டால், உணர்வு அறுக்கப்பட்ட கையைக் குரங்கு பயன்படுத்தத் தொடங்கியது. இரு கைகளிலும் உணர்வை அறுத்தபோதோ, இரண்டையுமே பயன்படுத்தியது. அந்தக் கையால் இயங்க முடியாமல் இல்லை. ஆரம்ப நாட்களில் முயன்று முயன்று தோற்று, இன்னொரு கையே போதும் என்று விட்டுவிடப் பழகியிருக்கிறது. இதைக் கற்றுக்கொண்ட பயனின்மை என்று டாப் விளக்கினார். இந்த அறிவுக்கு விலங்குகள் கொடுத்த விலை பெரியது என்பதையும் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. 1981-இல் மேரிலாந்து மாநிலத்தில் அவருடைய ஆய்வகத்துக் குரங்குகள் இருந்த நிலை வெளியே தெரிந்து வழக்கானது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் 1985-இல் திருத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் உணர்வு எதற்குத்தான் தேவை? இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதில் 1982-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் இருக்கிறது. கைகால்களின் உணர்ச்சி நரம்புகள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவரை ஜான் ராத்வெல் குழுவினர் விரிவாகச் சோதித்தார்கள். அவருடைய தசைவலு பெருமளவு அப்படியே இருந்தது. ஆய்வகத்தில் அவர் செய்து காட்டியவை வியப்பூட்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொட்டார். காற்றில் உருவங்கள் வரைந்தார். கட்டைவிரலைக் கேட்ட தூரத்துக்குக் கேட்ட வேகத்தில் நகர்த்தினார். ஆனால் வீட்டுக்குப் போனால் அந்தக் கைகளால் அவருக்குப் பயனில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பேனாவைப் பிடித்து எழுத முடியவில்லை, ஒரு கையால் கோப்பையைப் பிடித்திருக்க முடியவில்லை.

காரணம் இதுதான்: பார்க்காமல் ஒரே அளவு அழுத்தத்தை ஓரிரு வினாடிகளுக்கு மேல் அவரால் தக்கவைக்க முடியவில்லை. விரல் தன் போக்கில் தளரும், அல்லது விலகும். விலகியது அவருக்குத் தெரியாது. வரிசையாகச் செய்ய வேண்டிய நீண்ட வேலைகளில் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, முடிவில் கை எங்கோ போய் நிற்கும். இன்னொரு விவரமும் அந்த ஆய்வில் உண்டு. பழைய காரை, கையால் கியர் மாற்றும் வண்டியை, அவர் இரவில்கூட ஓட்டினார். புதிதாக ஒரு கார் வாங்கினார். அதை ஓட்டக் கற்றுக்கொள்ளவே அவரால் முடியவில்லை. பழைய வண்டிக்கே திரும்பினார்.

அந்தப் பழைய வண்டியின் கியர் எங்கே இருக்கிறது, கிளட்சை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதெல்லாம், உணர்வு இருந்த காலத்தில் மூளையில் எழுதப்பட்டவை. எழுதியதை வாசிக்க உணர்வு தேவைப்படவில்லை. புதிதாக எழுதத்தான் தேவைப்பட்டது. அசைவைத் தொடங்குவதற்குக் கட்டளை போதும். அதை நிலைநிறுத்த, நடுவில் திருத்த, புதிதாகப் பழக, திரும்பி வரும் சேதி வேண்டும்.

இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயர் இந்த இழப்பின் முழு அளவையும் வாழ்ந்து காட்டினார். 1971-இல் 19 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, கழுத்துக்குக் கீழே தொடுகையையும் உறுப்புநிலை உணர்வையும் ஏந்தும் நரம்பிழைகளை இழந்தார். வலியும் வெப்பமும் தெரிந்தன. தசைகளை இயக்கும் நரம்புகள் நலமாக இருந்தன. ஆனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள். அவர் ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்த்து, அடுத்து எந்தத் தசையை எவ்வளவு சுருக்குவது என்று நினைத்து நினைத்து, முதலில் உட்காரவும் பல மாதங்கள் கழித்து நிற்கவும், பிறகு நடக்கவும் தன்னைப் பழக்கிக்கொண்டார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுவார். நாம் நடந்துகொண்டே பேசுவது, பேசிக்கொண்டே படியேறுவது எல்லாம் எத்தனை பெரிய வசதி என்பது அவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்று மட்டும் ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. அவர் கண்ணுக்குத் தெரியாதபடி கைகளை மறைத்துவிட்டாலும், பேசும்போது கைகள் பேச்சின் தாளத்தோடு சேர்ந்து அசைந்தன. ஒரு பொருளை எடுக்கப் பார்வை தேவைப்பட்ட அதே கைக்கு, பேச்சோடு சேர்ந்து அசையத் தேவைப்படவில்லை.

இனி இந்த விஷயத்தின் கடினமான பகுதி. திரும்பி வரும் சேதி எப்போதும் தாமதமாகவே வருகிறது. மனிதனின் வேகமான உணர்ச்சி நரம்புகளில்கூடச் சேதி வினாடிக்கு 60, 70 மீட்டர் அளவில்தான் ஓடுகிறது. கையில் ஒரு தசையைச் சட்டென்று இழுத்தால், தண்டுவடத்தளவிலேயே எழும் அனிச்சைச் செயலுக்கு 20 முதல் 50 மில்லி வினாடி பிடிக்கும். மூளையும் கலந்துகொள்ளும் இரண்டாம் கட்ட எதிர்வினை 50 முதல் 100 மில்லி வினாடிக்குள் வரும். கண்ணால் கண்டு கையைத் திருத்த, 100 மில்லி வினாடிக்கும் கூடுதலாக ஆகும். விழி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அசைவோ பெரும்பாலும் 100 மில்லி வினாடிக்குள் முடிந்தே விடுகிறது. பார்வை அதை வழிநடத்த வாய்ப்பே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் 1899-லேயே இதை அளந்து பார்த்தவர். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிக்கு ஏற்பப் பென்சிலால் குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு போடச் சொன்னார். மெதுவாகப் போடும்போது, கண் திறந்திருந்தவர்களின் கோடு மிகத் துல்லியமாக இருந்தது. வேகம் கூடக் கூட, கண் திறந்திருப்பதற்கும் மூடியிருப்பதற்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. முதலில் ஒரே வீச்சு, இலக்கை நெருங்கும்போது பார்த்துத் திருத்தம் என்று அசைவை இரண்டாகப் பிரித்தார் அவர். அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது. வீச்சை ஓட்டுவது முன்கணிப்பு. முடிவைச் சரிசெய்வது புலன்.

முன்கணிப்பை நீங்களே தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டி, அதன்மேல் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, அருகில் இருப்பவரை அதைத் திடீரென்று எடுக்கச் சொல்லுங்கள். கை துள்ளி மேலே போகும். மறுபடி வைத்து, இம்முறை உங்கள் இன்னொரு கையால் நீங்களே எடுங்கள். ஏந்திய கை ஏறத்தாழ அசையாமல் நிற்கும். புத்தகம் கிளம்பும் அந்தக் கணத்திலேயே, ஏந்திய கையின் தசை தளர வேண்டும் என்ற குறிப்பு அதற்குப் போய்விடுகிறது. அங்கே யாரும் சேதிக்காகக் காத்திருக்கவில்லை.

கட்டளை தசைக்குப் போகும்போதே அதன் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே வேறு பகுதிகளுக்கும் போகிறது என்ற கருத்தை, ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டெட்டும், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரியும் 1950-இல் தனித்தனியே முன்வைத்தார்கள். நகலை வைத்துக்கொண்டு, இதைச் செய்தால் என்ன உணர்வு வர வேண்டும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. இந்தக் கணிப்பில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. வந்த உணர்வும் கணித்த உணர்வும் பொருந்தினால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. பொருந்தாதபோதுதான் உறைக்கிறது. இருட்டில் மாடிப்படி இறங்கி, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைக்கும்போது தரை தட்டுமே, அந்தத் தூக்கிவாரிப் போடல் இதுதான். நிறைந்திருக்கிறது என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கும்போது கை எகிறுவதும் இதுதான்.

நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோர் குழுவினர் 1990-களின் இறுதியில் இதைச் சோதித்தார்கள். ஒருவர் தன் உள்ளங்கையைத் தானே ஒரு இயந்திரக் கையின் வழியாக வருடிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். இயந்திரம் உடனுக்குடன் நகர்ந்தால் கூச்சம் குறைவு. விரல் நகர்ந்ததற்கும் இயந்திரம் வருடுவதற்கும் இடையே சிறு தாமதத்தைப் புகுத்திக் கூட்டிக்கொண்டே போனபோது, கூச்சமும் கூடிக்கொண்டே போனது. கணித்த நேரம் தவறியதும் சொந்தக் கையே அயலார் கையாகிவிட்டது. தொலைபேசியில் நம் குரலே சற்றுத் தாமதித்துத் திரும்பிக் கேட்கும்போது நாக்குத் தடுமாறுவதும் இதே இனம். தாமதமான சேதி, சேதி இல்லாததைவிடத் தொல்லை.

சேதி எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். தசைக்குள்ளே நூற்கும் கதிர் போல நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்த, தசைக்கதிர்கள் எனப்படும் சிறு உறுப்புகள் புதைந்திருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று அவை சொல்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களில் இருக்கும் வேறுவகை உறுப்புகள் இழுவிசையைச் சொல்கின்றன. உறுப்புநிலை உணர்வு மூட்டிலிருந்து வருகிறது என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1972-இல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் மூவரும் கைத்தசைநாணின்மேல் அதிர்வுக் கருவியை வைத்து அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். கை அப்படியே இருக்க, அது நீண்டுகொண்டு போவதாகச் சோதனைக்குட்பட்டவர் உணர்ந்தார். அதிர்வு தசைக்கதிர்களைத் தூண்ட, தசை நீள்கிறது என்ற பொய்ச் சேதி போயிற்று. மூளை அதை நம்பிவிட்டது. இந்தத் தசைக்கதிர்களுக்குத் தனியே இயக்க நரம்புகளும் உண்டு. அவற்றின் வழியாக, எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்பதையும் நரம்பு மண்டலமே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. கேட்கும் காதையே கட்டளை திருகி வைப்பது போன்ற ஏற்பாடு இது. இழுவிசையை மின்குறிப்பாக மாற்றும் பியெசோ2 என்ற புரதத்தைக் கண்டறிந்ததில் ஆர்டெம் படபூட்டியனின் பங்கு முதன்மையானது. 2021-இன் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணைக் கட்டினால் அவர்களால் நடக்க முடிவதில்லை.

விரல்நுனிகளின் கதை தனி. ஒரு கண்ணாடிக் குவளையைத் தூக்கும்போது, நழுவாமல் இருக்கத் தேவையான அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் நாம் பிடிக்கிறோம். ஸ்வீடனின் ரோலண்ட் யோஹான்சனும் யோரன் வெஸ்ட்லிங்கும் 1980-களில் இதை நுணுக்கமாக அளந்தார்கள். பொருள் துளி நழுவினாலும், ஏறத்தாழ 70 மில்லி வினாடிக்குள் பிடி இறுகுகிறது. நழுவியது பல நேரம் நமக்குத் தெரிவதுகூட இல்லை. விரல்நுனியை மரத்துப்போக வைத்தால், தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்கிறோம். இருந்தும் பொருள் நழுவுகிறது. யோஹான்சன் படமெடுத்த ஒரு காட்சியில், விரல்கள் மரத்த பெண் ஒருவர் தீக்குச்சி கொளுத்த முயல்கிறார். பெட்டியிலிருந்து குச்சியை எடுப்பதே பெரும்பாடாகிறது. கண் முழுவதும் கையின் மேலேயே இருக்கிறது. கை குச்சியைத் தேடித் தடவுகிறது.

அனிச்சைச் செயலுக்கும் விருப்பச் செயலுக்கும் நடுவே போட்டு வைத்திருக்கும் கோடும் இங்கே அழிகிறது. பீட்டர் ஹேமண்ட் 1956-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கையைச் சட்டென்று இழுக்கும்போது எதிர்த்து நில் என்று ஒரு முறையும், விட்டுக்கொடு என்று ஒரு முறையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். முதல் கட்ட அனிச்சை இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தது. அடுத்து வந்த, யோசித்துச் செய்ய நேரமே இல்லாத எதிர்வினை, சொன்ன சொல்லுக்கு ஏற்ப மாறியது. நம் நோக்கம் உணர்வு வழியிலேயே முன்னதாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதெல்லாம் ஆய்வகச் சங்கதியோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. பக்கவாதம் வந்தவருக்குக் கையைத் தூக்க முடிகிறதா, பிடியில் பலம் இருக்கிறதா என்றுதான் வீட்டில் எல்லோரும் பார்க்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு விரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடிகிறதா என்று கேட்பவர் குறைவு. பலம் திரும்பிய பிறகும் கை பயன்படாமல் இருந்தால் சோம்பல் என்றும் மனத்தளர்ச்சி என்றும் பழி சொல்லிவிடுகிறோம். முயன்று தோற்று விட்டுவிட்ட குரங்கின் கதையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். டாப் வகுத்த சிகிச்சையும் அதையே அடிப்படையாகக் கொண்டது. நல்ல கைக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் உறை மாட்டி, பழுதான கையைத் தீவிரமாகப் பழக்குவார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான, மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு அசைக்க முடிந்த 222 பேரிடம் இரண்டு வாரம் செய்யப்பட்ட ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. வழக்கமான கவனிப்பைவிட இது நல்ல பலன் தந்தது. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது.

நீரிழிவிலும் வைட்டமின் பி12 குறைபாட்டிலும் நடை தள்ளாடும்போது முட்டியையும் வயதையும் காரணம் காட்டுவதுண்டு. பாதத்திலிருந்து வரும் சேதி மங்கியிருக்கலாம் என்று யாருக்கும் சட்டெனத் தோன்றுவதில்லை. பகலில் ஒழுங்காக நடப்பவர் இருட்டில் தடுமாறினால், முகத்தில் தண்ணீர் அடிக்கக் கண்ணை மூடும்போது சாய்ந்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய குறி. கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கும் ரோம்பெர்க் சோதனை, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்காகவே இருக்கிறது. பி12 குறைவைக் காலத்தோடு கண்டுபிடித்தால் சரிசெய்ய வழி உண்டு. காலம் கடந்தால் தண்டுவடத்தில் ஏற்பட்ட பழுது தங்கிவிடலாம்.

செயற்கைக் கை செய்பவர்களும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றார்கள். மூளையில் பதித்த மின்முனைகளால் இயந்திரக் கையை இயக்குவது முதலில் கைகூடியது. ஆனால் அந்தக் கை எதையும் உணராது. பயனர் ஒவ்வொரு நொடியும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வாட்டர்மேனைப் போல. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2021-இல் வெளியிட்ட சோதனையில், இயந்திர விரல்கள் பொருளைத் தொடும்போதெல்லாம், பயனரின் மூளையில் கையின் தொடு உணர்வுக்குரிய பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். பொருளை எடுத்து நகர்த்த அவருக்கு ஆன இடைநிலை நேரம், அதாவது எல்லா முயற்சிகளையும் நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 20.9 வினாடியிலிருந்து 10.2 வினாடியாகக் குறைந்தது. கை முன்பைவிட வேகமாக ஓடிவிடவில்லை. பொருளின் அருகே போய், பிடித்தோமா இல்லையா என்று தடுமாறிக்கொண்டிருந்த நேரம்தான் பெரும்பாலும் மிச்சமானது.